ஐந்தாம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் நடுவில்

எனக்கு மாடிப்படி ஏறுவது பிடிக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லிஃப்ட் மெக்கானிக் என்றால் சொகுசாக மேலும் கீழும் போய்வருகிறவன் என்று பலர் நினைக்கிறார்கள். நாங்கள் ஒரு கட்டடத்துக்குள் நுழைகிறோம் என்றாலே அங்கே லிஃப்ட் ஓடவில்லை என்று அர்த்தம். மொட்டை மாடிக்கு மேலே இருக்கும் மோட்டார் அறைக்கு, பை நிறைய ஸ்பேனர்களோடு நடந்துதான் போக வேண்டும். ஊரார் நோகாமல் ஏறி இறங்க வேண்டும் என்பதற்காகப் படியில் மூச்சு வாங்குகிறவர்கள் நாங்கள். இதில் எனக்கு வருத்தம் எதுவும் கிடையாது.

நீங்கள் எழுதிக்கொள்ளலாம் ஐயா, நிதானமாகவே சொல்கிறேன். கம்பெனியின் விசாரணை அதிகாரி என்ற முறையில் நீங்கள் கேட்பது ஒரே கேள்விதான். நான் குடியிருக்கும் பத்து மாடிக் கட்டடத்தின் லிஃப்ட், அதன் பராமரிப்பு என் கைக்கு வந்த பிறகு மட்டும் ஏன் இப்படி நின்று நின்று போனது? எனக்கு எழுத நேரம் கிடைக்கவில்லை. அதுதான் காரணம்.

விளக்கமாகச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

எங்கள் வீடு ஏழாம் மாடியில். இரண்டு படுக்கையறை, ஒரு கூடம், ஐந்து பேர். மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒரு வாரம் பகல் வேலை, ஒரு வாரம் ராத்திரி வேலை என்று மாறி மாறி வரும். மகள் பெரியவள், மகன் சின்னவன், இருவரும் பள்ளிக்கூடம் போகிறார்கள். கூடவே என் மாமனார். போக்குவரத்துக் காவலராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஓய்வு பெற்றாலும் அவர் கை இன்னும் ஓய்வு பெறவில்லை. காலையில் குளியலறை வாசலில் நின்று இடது கையால் மகளை நிறுத்தி வலது கையால் மகனை உள்ளே அனுப்புவார். நான் துண்டோடு வந்தால் இரண்டு கையையும் தூக்கிவிடுவார். எங்கள் வீட்டில் இதுவரை விபத்து எதுவும் நடந்ததில்லை.

நான் எழுதுவதற்கு இவர்களில் யாருமே எதிர்ப்பு இல்லை. இதை நீங்கள் அடிக்கோடிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். எழுத்தாளனின் குடும்பம் என்றாலே தொல்லை கொடுப்பவர்கள் என்று ஒரு பேச்சு இருக்கிறது, என் வீட்டார் அப்படிப்பட்டவர்கள் அல்ல. எல்லோரும் எனக்கு ஆதரவுதான். அந்த ஆதரவில்தான் சிக்கலே.

"நீங்க எழுதுங்க, நான் தொந்தரவு பண்ணல," என்பாள் மனைவி. "அப்படியே அடுப்புல பால் இருக்கு, பொங்காம பார்த்துக்குங்க."

மகள், "எழுதுங்கப்பா, எனக்கு இந்த ஒரு கணக்கு மட்டும்," என்பாள். அந்த ஒரு கணக்குக்கு அ முதல் உ வரை உட்பிரிவு இருக்கும். மாமா இன்னும் ஒரு படி மேலே. "எழுதுங்க மாப்பிள்ளை, நான் குறுக்க பேசவே மாட்டேன்," என்று சொல்லிவிட்டு, எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, என் பேனா முனையையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு மனிதர் வாயைத் திறக்காமல் எதிரில் உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய இரைச்சல் என்பது எழுத முயன்றவர்களுக்குத்தான் தெரியும். நான் ஒரு வரியை அடித்தால் போதும், அவர் 'ச்சு' கொட்டுவார்.

வேலையிடத்தில் எழுதலாமே என்று நீங்கள் கேட்கலாம். நமக்கு வேலையிடம் எது என்று உங்களுக்கே தெரியும். ஊரில் எங்கே எந்த லிஃப்ட் நின்றாலும் போன் என் சட்டைப்பையில் அடிக்கும். போனை அணைத்து வைத்தால் நீங்களே மெமோ கொடுப்பீர்கள்.

நான் எழுதிக்கொண்டிருந்தது ஒரு நாவல். பெயர் 'கலங்கரை விளக்கின் கண்ணீர்'. ஒரு தீவில் தனியாகக் கலங்கரை விளக்கைக் காவல் காக்கும் ஒருவன். அவனைத் தேடிப் படகில் வரும் ஒருத்தி. நான் கடலை நேரில் பார்த்ததில்லை. அது கற்பனைக்கு வசதியாகவே இருந்தது. ஆனால் ஆறு வருடமாக அந்தப் பெண் படகிலேயே உட்கார்ந்திருந்தாள். அவளைக் கரையில் இறக்கலாம் என்று நான் பேனாவை எடுக்கும்போதெல்லாம் பால் பொங்கிவிடும்.

ஆரம்பம் ஒரு தற்செயல்தான். ஒரு நாள் மதியம், சர்வீஸ் முடித்துவிட்டு எங்கள் கட்டடத்து லிஃப்டைச் சோதனைக்காக ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்காம் மாடியைத் தாண்டியதும் நின்றுவிட்டது. நிஜமாகவே நின்றது. கதவு காண்டாக்டில் தூசி, வேறொன்றுமில்லை. உள்ளிருந்து ஒரு தட்டுத் தட்டினால் ஓடிவிடும். தட்டுவதற்குக் கையைத் தூக்கினேன்.

தூக்கிய கையை இறக்கிவிட்டேன். உள்ளே அவ்வளவு அமைதியாக இருந்தது ஐயா. மேலே சின்ன மின்விசிறி ஓடியது, விளக்கு எரிந்தது. போனில் சிக்னல் சுத்தமாக இல்லை. யாரும் என்னைக் கூப்பிட முடியாது. கூப்பிட்டாலும் நான் வர முடியாது. வர முடியாததற்காக யாரும் என்னைக் கோபித்துக்கொள்ளவும் முடியாது. கல்யாணமான நாளிலிருந்து இந்த மூன்றும் எனக்கு ஒருசேர வாய்த்ததே இல்லை. பையில் பல்ப் அட்டைப்பெட்டி ஒன்று இருந்தது. அதைப் பிரித்து உள்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். ஆறு வருடமாக உட்கார்ந்திருந்த பெண் அன்று எழுந்து நின்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அட்டை தீர்ந்த பிறகு கதவைத் தட்டி வெளியே வந்தேன். வாசலில் பாதிக் கட்டடம் கூடியிருந்தது. மனைவி தண்ணீர்ச் செம்போடு நின்றாள். மாமா கூட்டத்தை ஒதுக்கி எனக்குப் பாதை அமைத்துக்கொடுத்தார். "பாவம்பா, எவ்வளவு நேரமா உள்ளேயே," என்று யாரோ சொன்னார்கள். அன்று வீட்டில் யாரும் என்னிடம் கணக்குக் கேட்கவில்லை, பாலைப் பார்த்துக்கொள்ளச் சொல்லவுமில்லை.

அடுத்த நாள் தூசி இல்லை. அதனால் சாவியைப் பயன்படுத்தினேன்.

லிஃப்டுக்குள் பட்டன் பலகைக்குக் கீழே பூட்டிய சின்னப் பெட்டி ஒன்று இருக்கும். அதற்குள் நிறுத்துகிற சுவிட்ச் உண்டு, அதைத் திருப்பச் சாவி வேண்டும். சாவி நம் ஆட்களிடம் மட்டும்தான் இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். திருப்பினால் எந்த இடமானாலும் வண்டி அப்படியே நிற்கும். விளக்கும் விசிறியும் நிற்காது. இந்த வசதியை யார் வடிவமைத்தார்களோ, அவர் வீட்டிலும் ஆள் அதிகமாக இருந்திருக்க வேண்டும்.

தினமும் வேலைக்குப் போகும் முன் ஏழாம் மாடியில் ஏறுவேன், ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் நிறுத்துவேன். அந்த இடம் எனக்குக் கைராசியாக அமைந்தது. எழுதி முடித்துவிட்டு ஓட விடுவேன், நெற்றியில் கொஞ்சம் கிரீஸைத் தடவிக்கொண்டு வெளியே வருவேன். "வெளிநாட்டிலிருந்து ஒரு பார்ட் வரணும்" என்று சொல்லி வைத்தேன். எந்தப் பார்ட் என்று யாரும் கேட்கவில்லை. வெளிநாடு என்று சொல்லிவிட்டால் நம் ஆட்கள் அதற்குமேல் கேட்பதில்லை.

இதனால் மற்றவர்களுக்குச் சிரமம் ஏற்பட்டது என்று புகாரில் எழுதியிருக்கிறீர்கள். சிரமத்தை மட்டும் எழுதியிருக்கிறீர்கள். நான்காம் மாடித் தையல்காரம்மாவுக்குப் படியேறிப் படியேறி உடம்பு இளைத்து, தன் ஜாக்கெட்டுகளை எல்லாம் தானே பிடித்துத் தைத்துக்கொண்டார். எட்டாம் மாடிக்கு வந்த புது பிரிட்ஜ், லிஃப்டை நம்பாமல் படியில் தூக்கிவந்தவர்கள் பாதியில் கைவிட்டுப் போனதால் மூன்றாம் மாடி நடையிலேயே ஒரு வாரம் தங்கியது. மூன்றாம் மாடிக்காரர்கள் அதற்கு பிளக் கொடுத்து, தங்கள் பாலையும் உள்ளே வைத்துக்கொண்டார்கள். அதுவரை முகம் பார்க்காத இரண்டு குடும்பம் இப்போது மாமன் மச்சான் என்று பழகுகிறது. லிஃப்ட் ஒழுங்காக ஓடியிருந்தால் இதெல்லாம் நடந்திருக்குமா?

குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் செயலாளர் என்னை எழுந்து நிற்கச் சொன்னார். "நம்ம பில்டிங்குக்குள்ளயே ஒரு மெக்கானிக் இருக்கறது நம்ம அதிர்ஷ்டம். மனுஷன் தினமும் காலையில டிபன் கூட சாப்பிடாம அந்தப் பெட்டிக்குள்ள கிடந்து போராடுறாரு," என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் மறுத்துப் பேசவில்லை. போராடியது உண்மைதான், உரையாடல் எழுதுவது எனக்கு அவ்வளவு சுலபமாக வராது.

நாவல் முடிந்தது. அத்தோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும் என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஆனால் எழுதி முடித்ததை யாராவது கேட்க வேண்டாமா? யாராவது என்று சொல்வது கூடப் பொய். என் மனைவி கேட்க வேண்டும். எனக்கு இருந்த ஒரே ஆசை அதுதான் ஐயா. பதிப்பகம், பரிசு, பேர், எதுவும் நான் கேட்கவில்லை. அவள் ஒரு தடவை உட்கார்ந்து முழுசாகக் கேட்டுவிட்டு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். படகில் வரும் பெண்ணின் நடை, அவள் சிரிப்பதற்கு முன்னால் மூக்கைச் சுருக்குவது, எல்லாம் என் மனைவியைப் பார்த்து எழுதியதுதான். இதை அவளிடம் நான் சொன்னதில்லை. கேட்டாலே தெரிந்துவிடும் என்று இருந்தேன்.

"ஞாயித்துக்கிழமை கேக்கறேங்க, கண்டிப்பா," என்பாள். மனதாரத்தான் சொல்வாள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் துணி துவைக்க வேண்டியிருக்கும், அல்லது ஆஸ்பத்திரியில் யாராவது லீவு போட்டிருப்பார்கள். ஒரு ஞாயிறு நிஜமாகவே வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். நான் முதல் பக்கத்தைத் திருப்பி, தொண்டையைச் செருமிவிட்டுத் தலையைத் தூக்கினேன். அவள் சீப்பைத் தலையில் வைத்தபடியே தூங்கிப்போயிருந்தாள். எழுப்ப மனம் வரவில்லை. சீப்பை எடுத்து வைத்துவிட்டுப் போர்வையைப் போர்த்தினேன். எனக்கு மிகவும் வலித்தது, அதை மறைக்க விரும்பவில்லை.

மாமாவிடம் கொடுத்துப் பார்த்தேன். அவர் முழுக்கட்டையும் கையில் வாங்கி, எடை பார்த்து, "நல்ல உழைப்பு மாப்பிள்ளை," என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். நம் கம்பெனிக்காரர்களிடம் பேச்செடுத்தேன். எல்லோருக்கும் அந்த நொடியில் ஒரு அவசர வேலை வந்துவிட்டது.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் சங்கச் செயலாளர் என்னோடு லிஃப்டில் ஏறினார். கையில் நாவல் இருந்தது. ஐந்தைத் தாண்டும்போது என் கை பழக்கதோஷத்தில் சாவியைத் திருப்பிவிட்டது. இது உண்மை. அவர் பதறிப்போய், "என்ன தம்பி ஆச்சு?" என்றார். "அந்தப் பார்ட்தான் சார். தானா சரியாகும், கொஞ்ச நேரம் ஆகும்," என்றேன். பிறகு, "சும்மா நிக்கறதுக்கு ஏதாவது வாசிக்கட்டுமா?" என்று கேட்டேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். லிஃப்டுக்குள் நிற்கும் மனிதனால் 'ஒரு வேலை இருக்கு' என்று சொல்ல முடியாது என்பதை நான் அப்போதுதான் கண்டுகொண்டேன்.

முதல் நான்கு அத்தியாயம் கேட்டார். அதில் கதாநாயகி படகில் இருக்கிறாள். நான்காவது முடியும்போது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, அந்தப் பொண்ணை முதல்ல இறக்கி விடுங்களேன், புண்ணியமாப் போகும்," என்றார். கண் கலங்கியிருந்தது. ஒரு கற்பனைப் பாத்திரத்துக்காக இப்படி உருகும் மனிதரை நான் அதுவரை பார்த்ததில்லை.

அதன் பிறகு நடந்ததெல்லாம் தெரிந்து செய்ததுதான். சாவியைப் பெட்டியிலேயே செருகி வைத்துவிட்டு, முதுகைக் காட்டி நின்றபடி பின்கையால் திருப்பப் பழகிக்கொண்டேன். அபாய மணியின் ஒயரைக் கழற்றினேன். வாசிப்பு நடுவே மணி அடித்தால் கேட்பவர்களுக்குத்தான் இடைஞ்சல். ஆளைத் தேர்ந்தெடுப்பதில் கண்டிப்பாக இருந்தேன். குழந்தைகள், உடம்புக்கு முடியாதவர்கள், கர்ப்பிணிகள் இருந்தால் தொட மாட்டேன். பால் வாங்கி வருபவர்களை நிறுத்த மாட்டேன். ஐஸ்கிரீம் விஷயத்தில் மட்டும் ஒரு தவறு நடந்தது. தையல்காரம்மா பைக்குள் ஐஸ்கிரீம் வைத்திருந்தது எனக்குத் தெரியாது. புயல் வரும் அத்தியாயத்தில் அது உருகி என் செருப்பு வரை வந்தது. அவர் அதைத் துடைக்கக்கூட இல்லை, சுவரோடு சாய்ந்து ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். புயல் அவ்வளவு நன்றாக வந்திருந்தது.

ஒன்பதாம் மாடியில் பத்திரிகையில் புத்தக விமர்சனம் எழுதும் ஒருவர் இருந்தார். அவர் ஏறுவதற்காக நான் கீழே காத்திருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இரண்டாவது அத்தியாயத்திலேயே, "அருமையா இருக்குங்க, வெளிய விட்டா நாளைக்கே பாராட்டி எழுதிடறேன்," என்றார். நான் அதை ஏற்கவில்லை. பாதி கேட்டுவிட்டு எழுதும் விமர்சனம் நேர்மையானதல்ல என்று எடுத்துச் சொல்லி, மீதியையும் வாசித்தேன். வெளியே போகும்போது அவர் கும்பிட்டார். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார். அடுத்த மாதம் வீட்டைக் காலி செய்துகொண்டு ஒரு தரைத்தள வீட்டுக்குப் போய்விட்டார். எழுத்தாளர்களுக்கும் விமர்சகர்களுக்கும் இடையில் கொஞ்சம் தூரம் இருப்பது நல்லதுதான்.

யாருக்கும் சந்தேகம் வரவில்லையா என்று கேட்கிறீர்கள். எப்படி வரும்? ஒவ்வொரு முறையும் நானும்தானே உள்ளே மாட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு ராசியில்லை என்று பேச்சு வந்தது, அவ்வளவுதான். நான் வருவதைப் பார்த்தால், "நீங்க போங்க, நான் அடுத்ததுல வரேன்," என்பார்கள். எங்கள் கட்டடத்தில் இருப்பதே ஒரு லிஃப்ட்தான். பத்தாம் மாடிக்காரர் ஒருவர் என்னைக் கண்டதும், "நடந்தா சுகர் குறையுமாம்," என்று சொல்லிக்கொண்டே படியில் ஓடினார். அவருக்குச் சர்க்கரை வியாதி கிடையாது.

இத்தனை பேர் கேட்டும் எனக்கு நிறைவு வரவில்லை. செயலாளர் கண்கலங்கினார், விமர்சகர் கும்பிட்டார், தையல்காரம்மா தெருவில் என்னைக் கண்டால் பேச்சே வராமல் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார். ஆனாலும் வீட்டுக்குப் போய்க் கதவைத் திறந்தால், கேட்க வேண்டியவள் துணி மடித்துக்கொண்டிருப்பாள். ஊரார் எல்லோரும் கேட்டுவிட்டார்கள், அவள் மட்டும் கேட்கவில்லை. அதை நினைத்தால் சாப்பாடு இறங்காது.

ஆகவே போன செவ்வாய்க்கிழமை. இதை நான் தற்செயல் என்று சொல்லப் போவதில்லை.

அது அவளுக்கு ராத்திரி வேலை வாரம். காலையில் பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகுதான் வருவாள். நான் லீவு போட்டுவிட்டு, பிளாஸ்கில் டீ, ஒரு பாக்கெட் பிஸ்கட், ஒரு தண்ணீர் பாட்டில், முழு நாவல், எல்லாவற்றையும் பையில் எடுத்துக்கொண்டு கீழே நின்றேன். அவள் செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடந்துவந்தாள். கண்ணுக்குக் கீழே கருப்புத் தட்டியிருந்தது.

"நீங்க வேலைக்குப் போகலையா?"

"லேட்டா போறேன். வா, லிஃப்ட்ல போகலாம்."

"வேணாங்க. உங்ககூட ஏறினா நின்னுடும்னு எல்லாரும் சொல்றாங்க."

"நீயுமா? நானே சரி பார்த்திருக்கேன். நிக்காது."

அவள் நம்பிவிட்டாள். "சரி, ஏழு மாடி நடக்க இப்ப தெம்பு இல்ல," என்று உள்ளே வந்து, பொத்தானை அழுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். அந்த ஒரு கணம் என் கை தயங்கியது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் திருப்பினேன்.

அவள் கத்தவில்லை, மணியை அழுத்தவும் இல்லை. கண்ணைத் திறந்து சுற்றிலும் பார்த்தாள்.

"நின்னுடுச்சா?"

"ஆமா."

"யாரும் வர மாட்டாங்களா?"

"உடனே வர மாட்டாங்க."

"போன்?"

"இங்க சிக்னல் கிடைக்காது."

"அப்பா கூப்பிட்டாலும் கேக்காதா? ஆஸ்பத்திரியில இருந்து கூப்பிட்டாலும்?"

"கேக்காது."

அவள் முகத்தில் பயம் இல்லை. சொன்னால் நம்ப மாட்டீர்கள், மெல்ல மூக்கைச் சுருக்கிச் சிரித்தாள். கைப்பையைக் கீழே வைத்து, என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். "அப்ப நீங்க அந்தக் கதையைப் படிங்க," என்றாள். நான் கேட்கவே இல்லை ஐயா, அவளாகத்தான் சொன்னாள்.

படித்தேன். முதல் பக்கம் முடியும் முன்பே தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்பவர்கள்தான் உண்மையான ரசிகர்கள். மற்றவர்கள் எல்லாம் கதவையும் கடிகாரத்தையும் பார்த்தார்கள், நடுநடுவே "இன்னும் இறங்கலையா?" என்று கேட்டார்கள். இவள் ஒரு கேள்வி கேட்கவில்லை. ஒரு முறைகூட அசையவில்லை. படகு வரும் இடத்தில் அவள் மூச்சு சீராகி, ஆழமாகி, பிறகு அலையோசை போலக் கொஞ்சம் சத்தமாகவே வந்தது. கதையோடு அவ்வளவு ஒன்றிப்போயிருந்தாள். புயல் அத்தியாயத்தில் என் கையை இறுக்கிப் பிடித்து, "டிரிப் தீர்ந்துடுச்சு, மாத்துங்க," என்று முனகினாள். கலங்கரை விளக்குக் காவலனுக்குக் காயம் பட்டிருந்தது, அவனுக்காகத்தான் சொல்லியிருக்க வேண்டும். நர்ஸ் அல்லவா?

டீயையும் பிஸ்கட்டையும் நான் திறக்கவே இல்லை. வெளியே யார் யாரோ நடந்துபோனார்கள். "மறுபடியும் அவர்தான்" என்று யாரோ சொல்லிவிட்டுப் படியிறங்கியது கேட்டது. மதியம் தாண்டிக் கடைசி வரியைப் படித்து முடித்தேன். சாவியைத் திருப்பி வண்டியை ஓட விட்டிருக்கலாம். விடவில்லை. அவள் கண்ணைத் திறக்கவில்லை. ஒரு பெரிய நாவல் முடிந்ததும் வாசகர் அதிலிருந்து வெளியே வருவதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அந்த நேரத்தை அவளுக்குக் கொடுத்துவிட்டு, தோளை அசைக்காமல் உட்கார்ந்திருந்தேன். கால் மரத்துப்போயிருந்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் வாழ்க்கையில் இருந்ததில்லை.

எப்படி மாட்டினேன் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். தன் மகள் ராத்திரி வேலை முடிந்து இன்னும் வரவில்லையே என்று மாமா ஒவ்வொரு மாடியாகத் தேடிக்கொண்டு இறங்கியிருக்கிறார். ஆறாம் மாடிக் கதவில் காதை வைத்தபோது உள்ளே நான் ஏற்ற இறக்கத்தோடு வாசிப்பது கேட்டிருக்கிறது. மாட்டிக்கொண்டவன் கத்துவான், கதவைத் தட்டுவான், இப்படி நிறுத்தி நிதானமாகக் கடலை வர்ணிக்க மாட்டான் என்று அவருக்குப் பொறி தட்டியிருக்கிறது. நம் கம்பெனிக்குப் போன் செய்துவிட்டார். நம் மெக்கானிக் வேறொருவர் வந்து நேரே மோட்டார் அறைக்குப் போனார். அங்கே பலகையில் ஒரு சிவப்பு விளக்கு உண்டு. உள்ளிருந்து சாவியால் நிறுத்தியிருந்தால் மட்டும்தான் அது எரியும். அந்த விளக்கை நான் சுத்தமாக மறந்திருந்தேன். இத்தனை காலமாக அந்த அறைக்குப் போகிற ஒரே ஆள் நானாக இருந்ததில் வந்த வினை. வெளியாள் யாரும் செய்யாத பிழையை, தொழில் தெரிந்த நான் செய்தேன்.

அவர் மேலிருந்து சக்கரத்தைக் கையால் சுற்றி வண்டியை ஆறாம் மாடிக்கு ஏற்றி, இறங்கிவந்து, முக்கோணச் சாவி போட்டுக் கதவைத் திறந்தார். வெளிச்சம் முகத்தில் பட்டதும் என் மனைவி கண்ணைத் திறந்தாள். எதிரே நின்ற கூட்டத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்து, "அதுக்குள்ளயா?" என்றாள்.

ஆறு வருடம் எழுதிய நாவல் ஐயா. முடிந்தபோது வாசகி அப்படித்தான் கேட்டாள்.

செருகியிருந்த சாவியை எல்லோரும் பார்த்தார்கள். செயலாளர் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார். மாமா இரண்டு கையையும் தூக்கிக் கூட்டத்தை நிறுத்திவிட்டு, "மாப்பிள்ளை, நடுரோட்டுல வண்டியை நிறுத்திட்டு யாராவது கதை படிப்பாங்களா?" என்றார். அவர் கேட்டது நியாயம்தான். ஆம், அத்தனையும் நான்தான் செய்தேன். பார்ட் எதுவும் வெளிநாட்டிலிருந்து வர வேண்டியதில்லை. ஒயரை நான்தான் கழற்றினேன், நான்தான் திரும்ப மாட்டவும் வேண்டும், இல்லாவிட்டால் யாருக்காவது ஆபத்து. வேலையை விட்டு எடுப்பதானால் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருந்தால் எழுத நேரம் கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை, ஆனால் குற்றம் குற்றம்தான்.

என் மனைவி மட்டும் என்னைத் திட்டவில்லை. வீட்டுக்குப் போனதும் தனியாகக் கூப்பிட்டாள். முகம் தெளிந்து, பத்து வயது குறைந்த மாதிரி இருந்தாள். "அடுத்த கதை எப்ப எழுதப்போறீங்க?" என்று கேட்டாள். இன்னும் யோசிக்கவில்லை என்றேன். "எழுதுங்க. இதைவிடப் பெருசா எழுதுங்க," என்றாள்.

அவளிடம் நான் கேட்க நினைத்து இன்னும் கேட்காத கேள்வி ஒன்றுதான் பாக்கி. அன்று சட்டையைக் கழற்றும்போது பார்த்தேன், அவள் சாய்ந்திருந்த தோள் முழுவதும் நனைந்திருந்தது. எந்த அத்தியாயத்தில் அழுதாள் என்று தெரியவில்லை.